புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன் பழைய போட்டோக்களைக் கவனியுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று ஒன்றரை மணி நேரம் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டீயும் வந்துவிட்டது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் இருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு வேண்டிய பிராசஸரும், டி.பி.எம். என்கிற பாதுகாப்புச் சில்லும் அவற்றில் இருக்காது. ஆகவே புதுசு வாங்குகிறோம். வாங்கி வந்த வாரத்திலேயே என் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. கேள்வி இரண்டே இரண்டுதான். "பழசுல இருந்த போட்டோஷாப் இதுல ஏறுமா தம்பி?" "பிகாசாவைக் காணோமே, திரும்பக் கொண்டு வர முடியுமா?"

பெரும்பாலும் முடியும். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த மென்பொருளில் இத்தனை வருடமாக நீங்கள் செய்த வேலை எங்கே சேர்ந்திருக்கிறது? அது புதுக் கணினிக்கு வந்துவிட்டதா? மென்பொருளை இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம் ஏற்றிக்கொள்ளலாம். பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் அந்த வேலை போனது போனதுதான்.

பிகாசாவிலிருந்து தொடங்குகிறேன். நம் குடியிருப்பில் அதை வைத்திருப்பவர்கள்தான் அதிகம். 2004-இல் கூகுள் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. 2016 மார்ச்சில் கைவிட்டது. கடைசிப் பதிப்பு 3.9. அதன் இன்ஸ்டாலர் உங்களிடம் இருந்தால் விண்டோஸ் 11-இலும் அது ஓடும், பெரிய சண்டை எதுவும் போடாது. ஆகவே பழைய கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்த இன்ஸ்டாலர் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஊர் பேர் தெரியாத தளங்களில் தேடி இறக்கினால் பிகாசாவோடு வேறு சிலதும் சேர்ந்து வரும்.

பிகாசாவில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. நீங்கள் ஒரு படத்தை வெட்டி, வெளிச்சம் கூட்டி, கண் சிவப்பைப் போக்கினால் அது மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. 'இந்தப் படத்தில் இன்னின்ன மாற்றம்' என்று அதே ஃபோல்டரில் ஒரு சின்னக் கோப்பில் குறித்து வைக்கிறது. அந்தக் கோப்பின் பெயர் 'டாட் பிகாசா டாட் ஐ.என்.ஐ'. அது மறைந்திருக்கும் கோப்பு, சாதாரணமாகக் கண்ணில் படாது. பிகாசாவைத் திறந்தால் மூலப் படத்தையும் இந்தக் குறிப்பையும் சேர்த்துத் திருத்திய படமாகக் காட்டும். பிகாசா இல்லாத கணினியில் திறந்தால் திருத்தம் எதுவும் இல்லாத பழைய படம்தான் தெரியும். 'சேவ்' பொத்தானை அழுத்தியிருந்தால் திருத்திய படம் வெளியில் வந்திருக்கும், மூலப் படம் இன்னொரு மறைந்த ஃபோல்டருக்குப் போயிருக்கும். நம்மில் எத்தனை பேர் அந்த சேவை அழுத்தினோம்? திரையில்தான் நன்றாகத் தெரிகிறதே என்று விட்டிருப்போம்.

முகங்களுக்குக் கொடுத்த பெயர்களும் அப்படித்தான். அவையும் அந்த மறைந்த கோப்பில்தான் இருக்கின்றன.

நம் குடியிருப்பில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் சொல்லச் சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன். அவருடைய வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஆல்பங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, எ-கலப்பை வைத்துத் தமிழில் தட்டி, பிகாசாவில் ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் போட்டு வைத்திருந்தார். நாலு வருடம் அதுதான் அவருக்குப் பொழுது. அவர் இப்போது இல்லை. சென்னையில் இருக்கும் மகன் அம்மாவுக்குப் புதுக் கணினி வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் போட்டோக்களை எல்லாம் மாற்றிக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தால் ஒரு படம் குறையவில்லை. "போட்டோ எல்லாம் வந்துடுச்சு, பேரு மட்டும் வரலை. இதுல பாதிப் பேரு யாருன்னு அவருக்குத்தான் தெரியும்," என்று அந்த அம்மா சொன்னார்.

நல்ல வேளை, பழைய கணினி பரணில் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் அந்தச் சின்னக் கோப்பு இருந்தது. நோட்பேடில் திறந்தபோது எண்ணும் எழுத்துமாக ஒரே குப்பை. அதன் நடுவில் 'கோலியனூர் அத்தை', 'சின்ன நாத்தனார்' என்று பெயர்கள். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

என்ன நடந்தது என்றால், கடைக்காரர் ஃபோல்டருக்குள் போய், கண்ணுக்குத் தெரிந்த படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்திருக்கிறார். மறைந்த கோப்பு அந்தத் தேர்வில் வராது. ஃபோல்டரையே பிடித்துக் காப்பி செய்திருந்தால் அதுவும் கூடவே வந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் வீட்டில் பிள்ளைகள் மாற்றிக் கொடுத்தாலும் சரி, கடையில் கொடுத்தாலும் சரி, இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுங்கள்: "படங்களை அல்ல, ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணுங்க."

பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதைவிட நல்லது. பிகாசாவைத் திறந்து, முக்கியமான படங்களைத் தேர்ந்து 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். திருத்திய படங்கள் தனி ஃபோல்டரில் சாதாரண ஜேபெக் கோப்புகளாக வந்து விழும். அவற்றை எந்தக் கணினியிலும் பார்க்கலாம். பெயர்களுக்கு டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் 'நேம் டேக்ஸ்' பகுதிக்குப் போய், பெயரைப் படத்துக்குள்ளேயே சேமிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். ஏற்கெனவே போட்ட பெயர்களைப் படங்களுக்குள் எழுத, 3.9 பதிப்பின் டூல்ஸ் மெனுவில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற பகுதியில் ஒரு கட்டளை இருக்கிறது. அதற்குப் பிறகு டிஜிகேம் போன்ற இலவச மென்பொருள்களும் அந்தப் பெயர்களைப் படிக்க முடியும். கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டேனே என்று சிலர் சொல்கிறார்கள். ஏற்றியது மூலப் படம் என்றால் அங்கேயும் திருத்தம் இருக்காது.

அடுத்து போட்டோஷாப் 7. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஸ்டூடியோக்காரர்களும் பேனர் அடிப்பவர்களும் இதில்தான் கை பழகியிருப்பார்கள். 2002-இல் வந்தது. இத்தனை வருடம் ஆகிவிட்டதே என்று யாரும் சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. சுருக்கம், கீறல், கறையைச் சுற்றியுள்ள தோலோடு சேர்த்து மறைக்கும் 'ஹீலிங் பிரஷ்' முதன்முதலில் வந்தது இந்தப் பதிப்பில்தான். 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் ஆல்பம் நனைந்தது. காயவைத்து, ஸ்கேன் போட்டு, பூஞ்சைப் புள்ளியை ஒவ்வொன்றாக எடுக்கும் வேலைக்கு இந்தப் பிரஷ் போதும். பழைய கணினியிலும் வேகமாக ஓடியது. இன்னொரு காரணம், இணையம் வழியாக அனுமதி வாங்கும் வழக்கம் அதற்கு அடுத்த சி.எஸ். பதிப்பில்தான் வந்தது. 7-க்குச் சீரியல் எண் இருந்தால் போதும்.

அது விண்டோஸ் 11-இல் ஏறுமா? பெரும்பாலும் ஏறும். விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும்தான். ஆனால் 32 பிட் மென்பொருளை ஓட்டும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஓட்டாதது 16 பிட். 1990-களில் வந்த சிலவற்றில் மென்பொருள் 32 பிட்டாக இருக்கும், இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருக்கும். அதனால் இன்ஸ்டால் செய்யும்போதே 'இந்தக் கணினியில் ஓடாது' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடும். போட்டோஷாப் 7-க்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்ஸ்டால் செய்யும்போது செட்டப் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் போடாமல், சி டிரைவிலேயே தனியாக ஒரு ஃபோல்டர் திறந்து அதில் போடுங்கள். எக்ஸ்.பி. காலத்து மென்பொருள்கள் தங்கள் செட்டிங்குகளை, தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதிப் பழகியவை. விஸ்டா வந்த 2007-இலிருந்து புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்படிக் கண்டபடி எழுத விண்டோஸ் விடுவதில்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் செட்டிங் மறந்துபோவது, காரணமே சொல்லாமல் மூடிக்கொள்வது எல்லாம் பல நேரம் இதனால்தான். அப்படியும் முரண்டு பிடித்தால் அதன் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், 'கம்பாட்டிபிலிட்டி' என்று போய், எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 3 என்று தேர்ந்தெடுங்கள்.

அதே கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில்தான் கண்ணுக்கு மருந்தும் இருக்கிறது. புது லேப்டாப் திரைகளில் புள்ளிகள் நெருக்கம். பழைய மென்பொருளின் மெனுவும் கருவிகளும் எறும்பு மாதிரித் தெரியும். 'ஹை டி.பி.ஐ.' என்று இருக்கும் பொத்தானை அழுத்தி, கடைசிக் கட்டத்தில் டிக் போட்டு, 'சிஸ்டம்' அல்லது 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்று மாற்றிப் பாருங்கள். எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் படிக்கலாம்.

"16 ஜிபி ராம் போட்டும் பழசு மாதிரியே ஓடுதே" என்று ஒருவர் கேட்டார். 32 பிட் மென்பொருள் பொதுவாக 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. மீதி 14 ஜிபி அதற்குப் பக்கத்து வீட்டுச் சொத்து மாதிரி.

போட்டோஷாப் சிடியைத் தேடி எடுங்கள். பழைய கணினியில் சிடி டிரைவ் இருக்கும்போதே அதை அப்படியே பென் டிரைவுக்கு மாற்றுங்கள். புது லேப்டாப்புகளில் டிரைவ் கிடையாது. இந்த ஊர் ஈரக்காற்றில் சிடியின் மேலும் பூஞ்சை படரும். கவரில் எழுதியிருக்கும் சீரியல் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிடியே இல்லை, யாரோ போட்டுக் கொடுத்தது என்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 'கிராக்' என்று இணையத்தில் இறக்கி ஏற்றாதீர்கள். வங்கிக் கணக்கு பார்க்கிற கணினியில் அதைச் செய்வது வாசலில் சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம். உங்களுக்கான வேறு வழிகளைப் பிறகு சொல்கிறேன்.

சி.எஸ். 2, 3, 4 வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவற்றுக்கு அனுமதி தரும் சர்வர்களை அடோபி மூடிவிட்டது. முறையாகக் காசு கொடுத்து வாங்கிய சிடி கையில் இருந்தாலும் புதிதாக ஏற்ற முடியாது. இது நியாயமா என்று கேட்டால், என் கருத்தில் நியாயமில்லை. ஆனால் அதுதான் நிலைமை. பழைய கணினியில் அது ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கணினியை ஃபார்மட் செய்யாமல், இணையத்திலிருந்து துண்டித்து, போட்டோவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ். 5, 6 என்றால் இரண்டு கணினிகளில்தான் அனுமதி. பழையதைக் கொடுக்கும் முன் ஹெல்ப் மெனுவில் 'டிஆக்டிவேட்' கொடுத்துவிடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் இங்கே இரண்டு வீடு. 2019-இல் வந்த கேடலினாவிலிருந்து 32 பிட் மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. பழைய மேக்கைப் பத்திரமாக வையுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். வேறு மொழிக்காரர்களுக்கு அவ்வளவாகப் புரியாத தொல்லை இது. தமிழ் எழுத்து.

போட்டோஷாப் 7-க்கு யூனிகோடு தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாது. நம் ஊர்ப் பெயரையே ஒட்டிப் பாருங்கள். 'மே' என்பதில் கொம்பு முன்னால் வர வேண்டும். அது ம-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால்தான் அப்போது எல்லாரும் பாமினி, செந்தமிழ், ஸ்ரீலிபி வகை எழுத்துருக்களைப் பயன்படுத்தினோம். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். எழுத்துருதான் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, ஹெச். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. ஆனால் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் பாமினியிலேயே இருந்தன.

இப்போது அந்தப் பி.எஸ்.டி. கோப்பைப் புதுக் கணினியில் புதுப் போட்டோஷாப்பில் திறந்தால் எழுத்துரு இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். படம் சரியாகத்தான் தெரியும். அது முன்பு வரைந்து வைத்த உருவம். தேதியை மாற்றலாம் என்று எழுத்தின் மேல் கிளிக் செய்து வேறு எழுத்துருவுக்கு மாறியதும் அம்மா போய் எம், கே, அரைப்புள்ளி வந்து நிற்கும். தாத்தாவின் நினைவு நாள் படத்தை ஒவ்வொரு வருடமும் வருடத்தை மட்டும் மாற்றி அச்சடிக்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன. அவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

தீர்வு சுலபம், பழைய கணினி கையில் இருக்கும் வரை. சி டிரைவில் விண்டோஸ், அதில் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். அங்கிருக்கும் தமிழ் எழுத்துருக்களை எல்லாம் பென் டிரைவுக்கு எடுங்கள். புதுக் கணினியில் ஒவ்வொன்றாக வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் பழைய பி.எஸ்.டி. அப்படியே உயிர் பெறும். அந்த எழுத்துரு எந்தக் கடையில் யார் போட்டுக் கொடுத்தது என்று பத்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது. ஒரே பெயரில் கொஞ்சம் மாறுபட்ட எழுத்துருக்களும் உண்டு, ஒன்றில் சரியாக வருவது இன்னொன்றில் வராது. இணையத்திலிருந்து புதிதாக இறக்குவதைவிட உங்கள் கணினியில் இருந்ததை எடுப்பதே மேல். எழுத்தை யூனிகோடுக்கு மாற்ற வேண்டுமானால் என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கடந்த சில வருடங்களில் வந்த போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் சரியாகவே வரும்.

ஸ்கேனர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர்தான் வேண்டும். பழைய ஸ்கேனருக்கு அதைச் செய்த நிறுவனமே தராமல் விட்டிருக்கும். ஸ்கேனரைத் தூக்கிப் போடாதீர்கள். வியூஸ்கேன் என்ற மென்பொருள் ஏராளமான பழைய ஸ்கேனர்களை ஓட்டும். காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் உங்கள் மாடலுக்கு வேலை செய்கிறதா என்று இலவசமாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எதுவுமே ஏறவில்லை, ஆனால் அந்த மென்பொருள்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது. புதுக் கணினிக்குள் ஒரு கற்பனைக் கணினி அமைத்து அதில் எக்ஸ்.பி.யை ஏற்றுவது. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், எக்ஸ்.பி. சிடியும் அதன் எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும். 16 பிட் இன்ஸ்டாலர் 32 பிட் எக்ஸ்.பி.க்குள் ஓடும். அந்தக் கற்பனைக் கணினிக்கு இணைய இணைப்பு கொடுக்காதீர்கள். எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன.

மாதத்துக்கு நாலு படம் திருத்துகிறவர் இத்தனை பாடு பட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஜிம்ப் இலவசம், 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வந்தது, யூனிகோடு தமிழைச் சரியாகக் கோத்து எழுதுகிறது. போட்டோபியா என்பது பிரவுசரிலேயே ஓடும், பி.எஸ்.டி. திறக்கும், பார்ப்பதற்கும் போட்டோஷாப் சாயலில் இருக்கும். உங்கள் படம் உங்கள் கணினியிலேயே இருக்கும், எங்கேயும் ஏறாது. சிடி இல்லாதவர்கள் இவற்றில் ஒன்றைப் பழகுங்கள். கை பழக ஒரு மாதம் ஆகும், ஷார்ட்கட் மாறியிருப்பது எரிச்சலாக இருக்கும். ஆனால் தினம் ஆல்பம் போடும் ஸ்டூடியோ தம்பி ஒருவர் போட்டோஷாப் 7-ஐ விட மாட்டேன் என்றால் அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். அவர் கை அந்த மெனுவைப் பார்க்காமலே போகிறது.

கடைசியாக, பழைய கணினியை என்ன செய்வது. எக்ஸ்சேஞ்சில் 1,000 ரூபாய் குறைப்பார்களா, காயலான் கடையில் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதெல்லாம் உங்கள் சாமர்த்தியம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கொடுக்காதீர்கள். டெஸ்க்டாப்பில் நாலு திருகு, லேப்டாப்பில் அடிமூடி. கழற்றி, பேப்பரில் சுற்றி, மேலே தேதியும் உங்கள் பெயரும் எழுதி பீரோவில் வையுங்கள். அதை யூ.எஸ்.பி.யில் மாட்டும் கேபிள் ஒன்று சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். திருப்புளியும் அங்கேயே இருக்கிறது. செயலாளரிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியிலிருந்து நான் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது டிஸ்க்கோடு காலியான ஒரு பென் டிரைவும் கொண்டு வாருங்கள்.